வயதான ஆண்களுக்குக் கோட்டும் பேண்ட்டும் எப்படிப் பொருந்த வேண்டும்?

சேலத்தில் ஏதாவது ஒரு திருமண வரவேற்பு மேடையைச் சற்று நின்று கவனியுங்கள். மாப்பிள்ளையின் சூட் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துத் திருத்தப்பட்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் அவருடைய அப்பாவுக்கோ தோள் தையல் மேற்கையில் இறங்கியிருக்கும். கோட்டுக் கை கட்டைவிரலைப் பாதி மூடியிருக்கும். பேண்ட் ஷூவின் மேல் அடுக்கடுக்காகச் சரிந்து கிடக்கும். அந்தப் படம் இனிப் பல ஆண்டுகள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கப் போகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பணமும் அல்ல, துணியின் தரமும் அல்ல. "வயதானவருக்குக் கொஞ்சம் லூசாக இருந்தால்தானே வசதி?" என்று ஒருவர் சொல்கிறார், வீட்டார் தலையாட்டுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்க உழைத்துக் குடும்பத்தை அந்த மேடை வரை கொண்டுவந்த மனிதருக்கு ஐந்து நிமிடம் போதாது என்பதே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பொருத்தத்தைப் பற்றி நாம் இறுக்கம், தளர்வு என்று மட்டுமே பேசிப் பழகியிருக்கிறோம். தையற்காரர்கள் முதலில் பார்ப்பது வேறு. உடை உடம்பின் எந்த இடத்தில் தாங்கி நிற்கிறது? அங்கிருந்து துணி நேராகக் கீழே விழுகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணை உறுத்தாது. இவை தவறினால் எத்தனை அங்குலம் கூட்டினாலும் உடை சரியாக நிற்காது.

வேட்டியை எங்கே கட்டுகிறார்கள்?

பேண்ட்டிலிருந்து தொடங்கலாம். வயிறு சற்றுப் பருத்த பெரியவர் ஒருவர் வேட்டி கட்டுவதைப் பாருங்கள். தொப்புளை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ சுற்றி இறுக்குவார். வயிற்றுக்குக் கீழே கட்டினால் நாலு எட்டு வைப்பதற்குள் நழுவிவிடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே கட்டிய வேட்டி வயிற்றின் மீது படிந்து நேராகக் கீழே விழுகிறது. முன்பக்கம் கம்பீரமாகவும் இருக்கிறது.

அதே மனிதர் பேண்ட் போடும்போது அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிவிடுகிறார். வேட்டியைத் தினமும் தன் உடம்புக்குத் தக்கபடி கட்டிக்கொள்ளலாம். பேண்ட் எங்கே உட்கார வேண்டும் என்பதையோ, துணியை வெட்டும்போதே வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவுதான் ரைஸ். இரண்டு கால் தையல்களும் கவட்டில் சந்திக்கும் இடத்திலிருந்து முன்பக்க இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள உயரத்துக்கு அந்தப் பெயர்.

இளைஞர்களுக்காக வெட்டப்படும் இன்றைய ஸ்லிம் பேண்ட்களில் இந்த உயரம் குறைவு; பெரும்பாலும் 9, 10 அங்குலம் இருக்கும். வயிறு உள்ள ஒருவருக்குப் பட்டி தொப்புள் உயரத்தில் உட்கார வேண்டுமானால் 12 அங்குலமோ அதற்கு மேலோ தேவைப்படலாம். அந்த உயரம் துணியில் இல்லாதபோது பட்டி மேலே ஏறாது. இழுத்துவிட்டால் கவட்டில் வெட்டும், விட்டுவிட்டால் இறங்கிவிடும். இடுப்புச் சுற்றளவில் 2 அங்குலம் கூட்டி வாங்கினாலும் இந்தக் குறை தீராது. குறைந்திருப்பது உயரம், கூட்டுவது சுற்றளவு.

பெல்ட்டை இறுக்கினால் என்ன என்று தோன்றும். வயிற்றின் மிகப் பருத்த இடத்துக்குக் கீழே உடம்பு உள்நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவில் எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் கீழ்நோக்கித்தான் போகும். பக்கவாட்டில் இடுப்பெலும்பு ஓரளவு தாங்குகிறது. பின்பக்கத்தில் இளமையில் இருந்த சதை இப்போது இல்லை; வயது ஏற ஏற இடுப்புக்குக் கீழும் தொடையிலும் தசை குறைவது இயல்பு. எனவே பின்பக்கமும் தாங்குவதில்லை. முன்னே இறங்கி, பின்னே தொங்கி, மிச்சத் துணி முழுவதும் ஷூவின் மேல் குவிகிறது. நாள் முழுக்கப் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும் பெரியவர்களைப் பார்க்கிறோமே, அவர்களின் சங்கடம் முழுவதும் இந்த இரண்டு மூன்று அங்குல உயரத்தில்தான் இருக்கிறது.

இதற்குச் சிறந்த வழி சஸ்பெண்டர். தோளிலிருந்து பேண்ட்டைத் தாங்கும் பட்டை. கோட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. இடுப்பில் அரை அங்குலம் காற்றோட்டம் விட்டுத் தைக்கலாம், சாப்பிட்டபின் மூச்சு முட்டாது. நம் ஊரில் இதைச் சிறுவர்களின் உடை என்று ஒதுக்கிவிட்டார்கள். வயிறு உள்ள பெரியவருக்கு இதைவிட நிம்மதி தரும் பொருள் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சுருக்கமாக: பேண்ட் நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் ரைஸ் குறைவு. பட்டி தொப்புள் உயரத்தில் உட்கார்ந்தால் துணி தானே நேராக விழும்.

சீட், ப்ளீட், பாட்டம்

பின்பக்கத்தைத் தையற்கடையில் சீட் என்பார்கள். அங்கே சதை குறைந்துவிட்டால் பிட்டத்துக்குக் கீழே துணி வளைவு வளைவாகத் தொங்கும். நடுத் தையலைப் பிரித்து உள்ளே எடுத்தால் பெருமளவு சரியாகிவிடும், செலவும் அதிகமில்லை.

முன்பக்கத்தில் பட்டிக்குக் கீழே வைக்கும் மடிப்பு ப்ளீட். வயிறு உள்ளவர்களுக்கு ஒரு ப்ளீட்டாவது இருப்பது நல்லது. நிற்கும்போது மூடியிருக்கும், உட்காரும்போது விரிந்து இடம் கொடுக்கும். ப்ளீட் இல்லாத பேண்ட்டில் அந்த இடத்தைப் பாக்கெட்டுகள் கொடுக்கின்றன. அவை காதுபோல விரிந்து நிற்பதைக் கண்டால் சீட்டும் தொடையும் இறுக்கம் என்று பொருள். நிற்கும்போதே ப்ளீட் திறந்திருந்தாலும் அதே பொருள்தான்.

கால் நுனிச் சுற்றளவு பாட்டம். மேலே 40 அங்குல இடுப்பு, கீழே 13 அங்குல பாட்டம் என்று தைத்தால் உடம்பு முழுவதும் தலைகீழ் முக்கோணமாகத் தெரியும். 16, 17 அங்குலம் வைத்தால் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்கும். நீளம் ஷூவின் முன்புறத்தைத் தொட்டு, ஒரே ஒரு மெல்லிய மடிப்பு விழும் அளவு போதும். பின்பக்கம் அரை அங்குலம் தாழ வெட்டச் சொன்னால் குதிகாலை மறைத்து அழகாக நிற்கும். இஸ்திரி மடிப்பு முழங்காலின் நடுவில் இறங்கி ஷூவின் நடுவில் முடிய வேண்டும். எந்தப் பக்கமாவது திரும்பினால் கால் வளைவைக் கவனிக்காமல் வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்து கால் வளைந்த பெரியவர்கள் பலர். இதைத் தையற்காரரிடம் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கோட் தொங்குவது தோளில்

கோட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது தோளும் கழுத்தின் பின்புறமும்தான். தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். அங்கிருந்து கை ஒரு பள்ளமும் இல்லாமல் கீழிறங்க வேண்டும். தோள் தவறினால் மற்ற எல்லாமே தவறும். பிரித்துத் தைப்பதற்கு மிகக் கடினமான இடமும் அதுதான்.

வயதானவர்களுக்குத் தோள் தவறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மார்புச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ட்ராப் என்கிறார்கள். ரெடிமேட் சூட்கள் பெரும்பாலும் 6 அங்குல ட்ராப் கணக்கில் வெட்டப்படுகின்றன; மார்பு 40 என்றால் இடுப்பு 34. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது பொருந்தும். அறுபத்தைந்து வயதில் மார்பும் 40, இடுப்பும் 40 என்று இருப்பது சாதாரணம். அவர் 40 அளவுக் கோட்டைப் போட்டால் தோள் கச்சிதமாக இருக்கும், பட்டன் மட்டும் எட்டாது. கடைக்காரர் 42 எடுக்கிறார், பிறகு 44 எடுக்கிறார். பட்டன் எட்டிவிட்டது, வீட்டாருக்கும் திருப்தி. ஆனால் வயிற்றுக்காக வாங்கிய அந்தக் கோட்டில் தோளும் கையும் மார்பும் வேறொரு பெரிய மனிதருக்கு உரியவை. வரவேற்பு மேடையில் நாம் பார்க்கும் தொங்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

எனவே வரிசையை மாற்ற வேண்டும். தோளுக்குப் பொருந்தும் கோட்டை முதலில் தேர்ந்தெடுத்து, வயிற்றுக்கு வேண்டிய இடத்தைப் பக்கத் தையலிலிருந்து வெளியே விடச் சொல்ல வேண்டும். தையலுக்குள் மடித்து வைத்திருக்கும் உபரித் துணியே அந்த இடத்தைத் தரும். அது போதாதபோது தைத்துக்கொள்வதே வழி. செவ்வாய்ப்பேட்டையிலும் முதல் அக்ரகாரத்திலும் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுக்கும் பழக்கம் இன்றும் நம் ஊரில் இருக்கிறது. வயிறு உள்ள பெரியவர்களுக்கு அது ஒரு வரம். பட்டன் போட்டபின் வயிற்றின் மேல் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழக்கூடாது. உள்ளங்கை நுழையும் அளவு இடம் இருந்தால் போதும். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும், கீழ்ப் பட்டனைத் திறந்தே விட வேண்டும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடலாம்.

கை நீளம் மணிக்கட்டு எலும்போடு முடிந்து, சட்டையின் கை அரை அங்குலம் வெளியே தெரிந்தால் சரி.

பாவு நூல் நேராக நிற்கிறதா?

அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் புரியும். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. கோட்டுத் துணியை வெட்டும்போது பாவு மேலிருந்து கீழாக வரும்படி வைத்து வெட்டுகிறார்கள். அணிந்தபின்னும் முன்பக்கத்திலும் முதுகிலும் அந்த நூல் செங்குத்தாகவே விழ வேண்டும். உடம்பு எங்கேயாவது துணியை இழுத்தால் நூல் சாய்கிறது, அங்கே சுருக்கம் விழுகிறது. கோடு போட்ட துணியிலும் கட்டம் போட்ட துணியிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சுருக்கத்தைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. குறுக்கே விழும் சுருக்கம் பெரும்பாலும் சுற்றளவு இறுக்கத்தைக் காட்டுகிறது. மேலிருந்து கீழாகத் தொங்கும் மடிப்பு தளர்வைக் காட்டுகிறது. சாய்வாக ஓடும் சுருக்கம்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. அதைப் பார்த்ததும் "பிடிக்கிறது, லூஸ் பண்ணுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலும் அங்கே சிக்கல் சுற்றளவில் இல்லை, பேலன்ஸில் இருக்கிறது. கோட்டின் முன்பக்க நீளத்துக்கும் முதுகுப்பக்க நீளத்துக்கும் உள்ள ஒத்திசைவுக்குத் தையற்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பேலன்ஸ்.

வயதில் இது ஏன் குலைகிறது? 40 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் மனிதர்களின் உயரம் ஏறக்குறைய 1 செ.மீ. குறைகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் தட்டையாவதும் எலும்புகள் தேய்வதும் இதற்குக் காரணம். பலருக்கு மேல்முதுகு வளைந்து கழுத்து முன்னே வருகிறது. முதுகு வளைந்தால் கழுத்திலிருந்து கோட்டின் கீழ் விளிம்பு வரை முதுகுப்பக்கம் துணி அதிகம் தேவை. முன்பக்கம் குறைவாகத் தேவை. வழக்கமான வெட்டில் தைத்த கோட்டை அவர் போட்டால் காலர் கழுத்தை விட்டுப் பின்னால் விலகி நிற்கும், பின் விளிம்பு தூக்கிக்கொள்ளும், முன்பக்கம் தாழ்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும்.

இதற்கு நேர்மாறான உடம்பும் உண்டு. வயிற்றின் பாரத்தைச் சமாளிக்கச் சிலர் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்பார்கள். அவர்களுக்கு முன்பக்கம் துணி போதாது. முன் விளிம்புகள் இரண்டு பக்கமும் விலகி ஓடும். முதுகில் காலருக்குக் கீழே துணி குறுக்காக மடிந்து கிடக்கும். ஒரே வயது, ஒரே மார்பளவு, ஒரே இடுப்பளவு உள்ள இரண்டு பெரியவர்களில் ஒருவரின் கோட் மற்றவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். இஞ்ச் டேப்பில் வராத அளவு இது. கட்டிங் மாஸ்டர் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. நல்ல மாஸ்டரை அடையாளம் காண இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது. பக்கவாட்டில் நின்று உங்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உயரம் குறைவது முதுகெலும்பில்தான். கையும் காலும் முன்பிருந்த நீளத்திலேயே இருக்கின்றன. "அப்பா குள்ளமாகிவிட்டார், எல்லாவற்றையும் ஓர் அங்குலம் குறைத்துவிடுங்கள்" என்று சொன்னால் கோட்டின் உடல் நீளம் சரியாகலாம். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும், பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும்.

சுருக்கமாக: கோட்டுக்குத் தோள்தான் தொடக்கம், வயிற்றுக்கு இடம் பிறகு. காலர் விலகுவதும் சாய்வுச் சுருக்கமும் பேலன்ஸ் குறைபாட்டின் அடையாளங்கள். அளவைக் கூட்டினால் அவை போகாது.

சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர்

கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் கோட் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மெல்லிய கம்பளி அல்லது டெர்ரி வுல் (பாலியெஸ்டர் கலந்த கம்பளி) துணியில், முதுகுப்பக்கம் பாதிக்கு மட்டும் லைனிங் வைத்துத் தைத்தால் மாலை வரவேற்பைத் தாங்கலாம். ஆனால் மிகமிக மெல்லிய துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது உடம்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஒட்டிக் காட்டும். சற்றுக் கனம் உள்ள துணிதான் தன் எடையாலேயே நேராக விழும்.

ஏற்காட்டில் நடக்கும் விழாக்களுக்குக் கணக்கு வேறு. சேர்வராயன் மலையில் அந்த ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. மார்கழி, தை மாலைகளில் பெரியவர்கள் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். அப்படியானால் அளவு கொடுக்கும் நாளிலும் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கோட்டோடு உட்கார்ந்து போனால் முதுகு முழுவதும் கசங்கிவிடும். கழற்றிக் காரில் மாட்டிவிட்டு மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

அளவு கொடுக்கும்போது

டேப்பைக் கண்டதும் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்த அளவு அந்த அரை நிமிடத்துக்கு மட்டுமே சொந்தம். "ஐயா, மூச்சை விட்டு, வீட்டில் நிற்பதுபோல நில்லுங்கள்" என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் மகனோ மகளோ மென்மையாகச் சொல்லலாம். விழாவுக்குப் போடப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். சட்டைப் பையிலிருந்து கைப்பேசி, கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த பக்கம் கோட்டின் உள்ளே சற்றுப் பஞ்சு வைத்தால் சமமாகத் தெரியும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நிற்பது மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், குனிந்து ஷூ கயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ஆசீர்வாதம் செய்வதுபோல இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. முதுகில்தான் தவறுகள் அதிகம்.

பீரோவில் இருக்கும் பழைய கோட்

பல வீடுகளில் ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவே ஒரு பழைய சூட் இருக்கிறது. துணி இன்று கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கும். அதைத் திருத்தலாமா என்பதற்குத் தோளில் போட்டுப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். தோள் பொருந்தினால் கை நீளம், பக்கத் தையல், பேண்ட் இடுப்பு, சீட், பாட்டம் எல்லாம் திருத்தக்கூடியவை. இடுப்பை எவ்வளவு அகலப்படுத்த முடியும் என்பது பின் நடுத் தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. திருப்பிப் பார்த்தாலே தெரியும். ரைஸ் குறைவாக வெட்டப்பட்ட பேண்ட்டைத் திருத்த வழியில்லை. தோள் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் கோட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். புதிதாகத் தைப்பதே சிக்கனம். புதிதாகத் தைக்கும்போது பக்கத் தையலிலும் பேண்ட்டின் பின் தையலிலும் உபரித் துணியைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். அடுத்த ஐந்தாண்டில் உடம்பு மெலியலாம், பெருக்கவும் செய்யலாம்.

விழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தத் தையற்காரராலும் இரண்டு முறை போட்டுப் பார்க்க நேரம் ஒதுக்க முடியாது. கோட்டுக்கு அந்த இரண்டாவது முறை கட்டாயம் தேவை.